அல்வா செலவு யார் தலையில்? ஹெவிவெயிட் சண்டைக்குச் சீட்டு எழுதும்போது எதை நம்பலாம்

பாளையங்கோட்டையில் நாங்கள் கூடுகிற டீக்கடையில், ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் பெரிய மோதல் ஒன்று வருகிறதென்றால் சீட்டு எழுதிப் போடுவது உண்டு. காசு கிடையாது. ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 2022-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது; பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025-ல் நாடாளுமன்றமும் பூட்டுப் போட்டுவிட்டது. அதெல்லாம் இல்லாவிட்டாலும், கடை அண்ணாச்சியிடம் காசு என்று வாயைத் திறந்தால் டீ கிடைக்காது. எங்கள் பந்தயம் அல்வாதான்.

கணக்கு நோட்டில் கிழித்த தாளில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: யார் ஜெயிப்பார், எப்படி ஜெயிப்பார், எந்த ரவுண்டில். மடித்து, பன் வைக்கும் கண்ணாடி ஜாடிக்குள் போட்டுவிட வேண்டும். ஜெயிப்பவர் பெயர் சரியென்றால் 2 மார்க். நாக்-அவுட்டா பாயின்ட்டா என்பது சரியென்றால் 3. நாக்-அவுட் என்று எழுதியவருக்கு ரவுண்டும் பொருந்தினால் இன்னும் 5. பாயின்ட் என்று எழுதியவர், மூன்று ஜட்ஜுகளும் ஒரே ஆளுக்குக் கொடுப்பார்களா, பிரிந்து கொடுப்பார்களா என்று எழுதலாம். அது சரியென்றால் 2. கூட்டிப் பார்த்தால் யார் கடைசியோ அவர்தான் எல்லோருக்கும் அல்வா வாங்கித் தர வேண்டும்.

அந்தக் கடைசி விதியில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் வருகிறவருக்குப் பரிசு இல்லை, கடைசியில் வருகிறவருக்குச் செலவு உண்டு. ஆக, பிரமாதமாகக் கணித்துப் பெயர் வாங்குவது இங்கே யாருக்கும் வேலையில்லை. மோசமாக மாட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும். எதை நம்பி எழுதுவது என்ற கேள்விக்கு நான் சொல்லப்போகிற பதில் இந்த விதிக்குத்தான் பொருந்தும்.

கடையில் ஆளுக்கு ஒரு கட்சி. டீ மாஸ்டர் உடம்பைப் பார்ப்பவர். பெரிய ஆள் எவனோ அவன் பெயரை எழுதிவிட்டுப் பாய்லர் பக்கம் போய்விடுவார். ஓய்வு பெற்ற கணக்கு சார் ரெக்கார்டு பார்ப்பவர்: எத்தனை சண்டை, எத்தனை வெற்றி, அதில் நாக்-அவுட் எத்தனை. கல்லூரித் தம்பிகள், "இவன் அவனை அடிச்சான், அவன் இன்னொருத்தனை அடிச்சான்" என்று சங்கிலி கட்டுகிறவர்கள். வண்ணார்பேட்டையிலிருந்து வருகிற பழைய கபடி ஆட்டக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் கால்களை மட்டும்தான் பார்ப்பார். நான் புக்கிகளின், அதாவது வெளிநாட்டில் பந்தயம் நடத்துகிறவர்களின், ரேட்டைப் பார்க்கிறவன். பந்தயம் கட்டுவதற்காக இல்லை. வெளிநாட்டுப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்திலேயே போட்டிருப்பான், வாசித்துக்கொள்ளலாம்.

முதலில் உடம்பு. டீ மாஸ்டரின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. எடை கூடினால் குத்தின் கனமும் கூடும், அதற்காகத்தானே குத்துச்சண்டையில் எடைப் பிரிவுகளே வைத்தார்கள். ஆனால் ஹெவிவெயிட்டில் 200 பவுண்டுக்கு மேல், அதாவது 90 கிலோ சொச்சத்துக்கு மேல், உச்சவரம்பு என்று எதுவும் கிடையாது. 2024 டிசம்பர் 21-ல் ரியாத்தில் உசிக்கும் ஃப்யூரியும் இரண்டாம் முறை மோதியபோது டைசன் ஃப்யூரி 281 பவுண்டு, அலெக்சாண்டர் உசிக் 226. வித்தியாசம் 55 பவுண்டு. கடைக்கு அரிசி வந்து இறங்குமே, 25 கிலோ சிப்பம், அதில் ஒன்றைக் கூடுதலாகத் தூக்கிக்கொண்டு வந்தவர் ஃப்யூரி. உயரம் 6 அடி 9 அங்குலம். உசிக் 6 அடி 3. கை நீளத்திலும் ஃப்யூரிக்கே ஏழு அங்குலம் கூட. மூன்று ஜட்ஜுகளும் 116-112 என்று உசிக்குக்குக் கொடுத்தார்கள். (ஒவ்வொரு ரவுண்டிலும் ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்கு 9; விழுந்தால் இன்னும் ஒன்று குறையும். பன்னிரண்டு ரவுண்டையும் கூட்டினால் வருவது இந்த எண்.)

"மெலிஞ்சவன் ஜெயிச்சா அது அதிசயம்தான்வே, அதை வச்சுக் கணக்குப் போடப்படாது" என்பார் மாஸ்டர். சரி, குண்டான ஆள் ஜெயித்த கதைக்கே வருவோம். 2019 ஜூன் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஆண்டனி ஜோஷுவா சிற்பம் செதுக்கினாற்போல இருந்தார், ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், 22 சண்டை 22 வெற்றி. எதிரே ஆண்டி ரூயிஸ், 268 பவுண்டு, தொப்பை அரைஞாணுக்கு மேல் வழிகிறது, உயரம் நாலு அங்குலம் குறைவு. அதுவும், முதலில் பேசிவைத்த ஆள் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டியதால் கடைசி ஒரு மாதத்தில் பிடித்துப் போட்ட மாற்று ஆள். ஜோஷுவாவை நாலு தடவை தரையில் விழவைத்து ஏழாவது ரவுண்டில் முடித்துவிட்டார். எடை பார்த்தால் ரூயிஸுக்கு எழுதியிருக்கலாம், உயரம் பார்த்தால் ஜோஷுவாவுக்கு, உடற்கட்டைப் பார்த்தால் சந்தேகமே இல்லாமல் ஜோஷுவாவுக்கு. உடம்பு என்று ஒரே ஒரு அளவுகோல் இல்லாததுதான் மாஸ்டருக்குப் பிரச்சினை.

ரெக்கார்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குத்துச்சண்டையில் ரெக்கார்டு ஓரளவுக்குத் தயாரிக்கப்படுகிற சரக்கு. வளர்ந்துவரும் ஆளுக்கு எந்த எதிராளியைப் போடுவது என்று புரமோட்டர் பார்த்துப் பார்த்துத்தான் போடுகிறார். 20-0 என்று இருந்தால் இருபது பேரும் யார் என்று கேட்க வேண்டும். 2018-ல் ஃப்யூரியைச் சந்திக்க வந்தபோது டியான்டே வைல்டருக்கு 40 சண்டை, 40 வெற்றி, அதில் 39 நாக்-அவுட். கணக்கு சாருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? சண்டை டிராவில் முடிந்தது. ஆனால் ரெக்கார்டை முழுசாகத் தூக்கி எறியவும் முடியாது. அந்த 39 சொன்ன விஷயம் ஒன்று மெய்தான்: அந்த வலது கை பட்டால் எவனும் விழுவான். ஒன்பதாவது ரவுண்டில் ஒரு தடவை, பன்னிரண்டாவதில் ஒரு தடவை ஃப்யூரி விழுந்தார். பன்னிரண்டாவதில் விழுந்த விதத்தை இன்றைக்கும் போட்டுப் பார்ப்போம். வலதும் இடதும் அடுத்தடுத்து இறங்கி, மல்லாக்க, கை விரிந்து, கண் மூடிக் கிடக்கிறார். ரெஃப்ரி பக்கத்தில் மண்டியிட்டு எண்ணுகிறார். ஆறுக்குப் பக்கத்தில் உடம்பு அசைகிறது, ஒன்பதுக்கு எழுந்து நிற்கிறார். எழுந்ததோடு விட்டாரா, மிச்ச நேரத்தில் திருப்பியும் அடித்தார். "செத்தவன் எந்திரிச்சுட்டான்லே" என்று மாஸ்டர் கத்தியது ஜங்ஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

தம்பிகளின் சங்கிலிக்கு வருவோம். பார்த்தால் அறிவியல் மாதிரி இருக்கும், அதுதான் அதில் ஆபத்து. ஜோ ஜாய்ஸ் 2022-ல் ஜோசப் பார்க்கரைப் பதினோராவது ரவுண்டில் நாக்-அவுட் செய்தார். அந்த ஜாய்ஸை 2023-ல் ஒரே வருடத்தில் இரண்டு தடவை ஜாங் ஷிலெய் அடித்து நிறுத்தினார். அப்படியென்றால் ஜாங் பார்க்கரைத் தூக்கிச் சாப்பிட வேண்டும் இல்லையா? 2024 மார்ச்சில் சந்தித்தார்கள். ஜாங் இரண்டு தடவை பார்க்கரை விழவைத்தார், உண்மை. பாயின்ட்டில் ஜெயித்தது பார்க்கர். மூன்று பேரும் வட்டமாக நிற்கிறார்கள், யார் பெரியவன் என்று சங்கிலியால் சொல்ல முடியாது.

அப்புறம் உசிக்கும் டேனியல் டுபுவாவும். 2024 செப்டம்பரில் வெம்ப்ளியில் டுபுவா ஜோஷுவாவை ஐந்தே ரவுண்டில் முடித்தார். உசிக்கோ அதே ஜோஷுவாவோடு 2021-லும் 2022-லும் பன்னிரண்டு பன்னிரண்டு ரவுண்டு ஆடிப் பாயின்ட்டில்தான் ஜெயித்தார். சங்கிலிப்படி டுபுவா கை ஓங்கியிருக்க வேண்டும். 2025 ஜூலை 19 வெம்ப்ளி. இங்கே குற்றாலத்தில் சாரல் சீசன், எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அங்கே ரூம் போட்டு விடியற்காலை செல்போனில் பார்த்தார்கள். ஐந்தாவது ரவுண்டில் டுபுவா ஒரு தடவை விழுந்து எழுந்தார். அடுத்து வந்த இடது ஹூக்கில், அதாவது பக்கவாட்டில் வளைந்து வருகிற குத்தில், மறுபடி விழுந்தார், ரெஃப்ரி எண்ணி முடித்துவிட்டார்.

இதில் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. கடையில் எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர் அதைச் சொல்லாமல் விடமாட்டார். 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்ட காலத்திலிருந்தே அவர் அலி பைத்தியம். 1971-ல் ஃப்ரேசியர் அலியை ஜெயித்தார். 1973-ல் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார். ஜார்ஜ் ஃபோர்மன் 1973-ல் ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டிலும், 1974-ல் நார்ட்டனை இரண்டே ரவுண்டிலும் துவைத்துப் போட்டார். அலியை அடித்த இரண்டு பேரையும் அடித்துப்போட்டவன், 40 சண்டை 40 வெற்றி, வயது 25. எதிரே 32 வயது அலி. 1974 அக்டோபர் 30, கின்ஷாசா. எட்டாவது ரவுண்டில் விழுந்தது ஃபோர்மன். ஃப்ரேசியரும் நார்ட்டனும் முன்னால் வந்து வந்து அலியைத் தொந்தரவு செய்தவர்கள். ஃபோர்மனுக்கு எதிரே முன்னால் வந்தால் அவருடைய வீச்சுக்கு நேர் பாதையில் வந்து நிற்பதாகும். அலி கயிற்றில் சாய்ந்து கையால் மூடிக்கொண்டு வீச்சை வாங்கிக்கொண்டார், ஃபோர்மனின் மூச்சு தீர்ந்தது. மூன்று பேர் பெயரைக் கோத்துச் சங்கிலி கட்டும்போது இதெல்லாம் வெளியே விழுந்துவிடுகிறது.

இனி புக்கி ரேட். இதைத்தான் வெற்றியாளர் பெயருக்கு நான் நம்புகிறேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு 1.50, இன்னொருவருக்கு 2.75 என்று ரேட் போட்டிருக்கிறான் என்று வையுங்கள்; ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் திரும்பி வருகிற தொகை அது. ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் நூற்றுக்கு எத்தனை என்பது வந்துவிடும்: 66.7, 36.4. கூட்டினால் 100 வராது, 103 வரும். அந்தக் கூடுதல் 3-தான் புக்கியின் பிழைப்பு. அதைக் கழித்துச் சமன் செய்தால் 65-க்கு 35 என்று நிற்கும். இந்த எண்ணுக்குள் உடம்பு, ரெக்கார்டு, வயது, பயிற்சி முகாமிலிருந்து கசிந்த செய்தி எல்லாமே அடக்கம். அதில் காசு போட்டவர்கள் அத்தனை பேரும் இதையெல்லாம் யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். தப்பாக யோசித்தவனுக்குக் காசு போகும். டீக்கடையில் தப்பாகப் பேசினால் என்ன போய்விடும்?

ரேட் என்றதுமே கணக்கு சார் டோக்கியோவை எடுப்பார். 1990 பிப்ரவரி 11, மைக் டைசனுக்கு 37 வெற்றி, தோல்வி இல்லை. பஸ்டர் டக்ளஸுக்கு லாஸ் வேகாஸ் மிராஜ் விடுதியில் 42-க்கு 1 ரேட், அதாவது ஒன்று கட்டினால் நாற்பத்திரண்டு லாபம். எட்டாவது ரவுண்டில் விழுந்து எழுந்த டக்ளஸ் பத்தாவது ரவுண்டில் டைசனை முடித்தார். "இதுதானா உன் ரேட்டு?" என்பார் சார். நாற்பத்து மூன்றில் ஒரு தடவை நடக்கும் என்று சொன்னது ஒரு தடவை நடந்தது, அவ்வளவுதான். மிச்சம் நாற்பத்திரண்டைப் பற்றி யாரும் டீக்கடையில் முப்பது வருடம் பேசுவதில்லை. கணக்கு வாத்தியாருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வருத்தம்.

ரேட்டுக்கும் ஒரு குறை உண்டு. இரசிகர் கூட்டம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் காசு குவியும், ரேட்டும் சாயும். பிரிட்டிஷ்காரர் ஒருவர் பிரிட்டனில் ஆடினால் அவருக்கு ஆசையிலும் காசு விழும். அதனால் 55-க்கு 45 மாதிரி நெருக்கமாக இருந்து, முன்னால் நிற்பவர் கூட்டத்தின் செல்லப்பிள்ளையாகவும் இருந்தால், நான் அதைச் சமம் என்றே எடுத்துக்கொள்வேன். 70-க்கு மேல் இருந்தால் மறுபேச்சில்லை, அவர் பெயர்தான்.

வெற்றியாளர் பெயருக்கு மூளையைக் கசக்க வேண்டாம் என்றால், மிச்சமிருக்கிற 3 மார்க்கும் அதற்கு மேலும்தான் யோசிக்க வேண்டிய இடம். அங்கே ரேட்டைவிட, வண்ணார்பேட்டைக் கபடிக்காரர் சொல்வதைக் கேட்பேன்.

"கையைப் பாக்காதே, காலைப் பாரு" என்பார். உசிக் இடக்கை ஆட்டக்காரர், சவுத்பா. வலது கால் முன்னால் இருக்கும். எதிராளி வழக்கமான ஆட்டக்காரர் என்றால் அவருக்கு இடது கால் முன்னால். இரண்டு முன்கால்களும் நேருக்கு நேர் மோதிக்கொள்கிற நிலை. யாருடைய முன்கால் மற்றவருடைய காலுக்கு வெளிப்பக்கம் போய் ஊன்றுகிறதோ அவருடைய பின்கைக்கு நேர் பாதை திறக்கும். உசிக் விடாமல் அரை அடி அரை அடியாக வெளியே நகர்ந்துகொண்டே இருப்பார். முதல் நாலைந்து ரவுண்டில் அதனால் ஒன்றும் நடந்தாற்போலத் தெரியாது. எதிராளி ஒவ்வொரு தடவையும் திரும்பித் திரும்பி நிற்க வேண்டியிருப்பதால் எட்டு, ஒன்பதில் அவர் காலில் கனம் ஏறும். 2024 மே 18-ல் ஃப்யூரியோடு நடந்த முதல் சண்டையில் நடு ரவுண்டுகளில் ஃப்யூரி கையே ஓங்கியிருந்தது. கீழிருந்து மேலே வருகிற அப்பர்கட் குத்துகளால் உசிக்கை நன்றாகப் பதம் பார்த்தார். ஒன்பதாவது ரவுண்டில் உசிக்கின் இடது கை ஒன்று விழுந்தது, ஃப்யூரி கயிற்றுக்குக் கயிறு தள்ளாடிப் போனார், ரெஃப்ரி எண்ண ஆரம்பித்தார். அந்த ஒரு எண்ணிக்கையால் ரவுண்டு 10-8 ஆனது. முடிவு 115-112, 113-114, 114-113. இரண்டு ஜட்ஜுகள் உசிக்குக்கு, ஒருவர் ஃப்யூரிக்கு. அந்த ரவுண்டை எடுத்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள், மூன்றாவது ஜட்ஜின் சீட்டும் ஃப்யூரி பக்கம் மாறிவிடும்.

இப்படி நகர்கிறவரும் பொறுமைக்காரரும் மோதினால் பாயின்ட் என்று எழுத வேண்டும். இரண்டு பேருமே காலை ஊன்றி நின்று வீசுகிறவர்கள் என்றால் நாக்-அவுட். நகர்கிறவர் ஒருவர், ஊன்றி நிற்கிறவர் ஒருவர் என்றால்தான் கஷ்டம். அப்போது கபடிக்காரர் கேட்கிற கேள்வி: நகர்கிறவருடைய குத்தில் கனம் இருக்கிறதா? இருந்தால் பின்பாதி ரவுண்டில் நாக்-அவுட், இல்லாவிட்டால் பாயின்ட். 2023-ல் போலந்தின் விரோட்ஸ்வாஃப் நகரில் டுபுவாவை உசிக் ஒன்பதாவது ரவுண்டில்தான் முடித்தார். மறுபடி மோதியபோது ஐந்திலேயே முடிந்ததே என்றால், இரண்டாவது தடவை டுபுவா தன்னம்பிக்கையோடு முன்னால் வந்து நின்று ஆடினார். வந்து நிற்கிறவரைத் தேடிப் போக வேண்டியதில்லை.

சவுத்பாவுக்கு மருந்து நேரான வலது கை. 1994 நவம்பர் 5-ல் 45 வயது ஃபோர்மன், மைக்கேல் மூரருக்கு எதிராக மூன்று ஜட்ஜுகளின் சீட்டிலும் பின்தங்கிக் கிடந்தார். மூரர் ஹெவிவெயிட் பட்டம் பிடித்த முதல் சவுத்பா, அப்போது தோல்வியே காணாதவர், வயது 26. பத்தாவது ரவுண்டில் ஃபோர்மனின் இடதும் வலதும் ஒன்று-இரண்டு என்று நேராக இறங்கியது, மூரர் மல்லாந்தார். வயதைப் பார்த்து எழுதுகிறவர்களுக்கு இது ஒரு தலைவலி. காலும் மூச்சும் முதலில் போகும், கண் வேகம் அடுத்துப் போகும், குத்தின் கனம் கடைசியில்தான் போகும். ஆக, வயதான ஆள் ஜெயிப்பதாக எழுதினால் நாக்-அவுட் என்று எழுதுங்கள்.

முகாமிலிருந்து வரும் செய்திகளில் தொண்ணூறு பங்கு விளம்பரம். "வாழ்க்கையிலேயே இப்போதுதான் இவ்வளவு நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லாத பாக்ஸர் பிறக்கவில்லை. ஒரே ஒரு சங்கதியை மட்டும் பார்க்கலாம்: சண்டை நடக்கும் ஊருக்கு யார் எப்போது போனார்கள்? 2001 ஏப்ரலில் லெனாக்ஸ் லூயிஸ், ஹசீம் ரஹ்மானோடு தென்னாப்பிரிக்காவின் பிராக்பனில் ஆடினார். கடல் மட்டத்துக்கு மேல் 1,600 மீட்டர் உயரம், மூச்சு வாங்கும். ரஹ்மான் முன்கூட்டியே போய் உடம்பைப் பழக்கிக்கொண்டார். லூயிஸ் ஒரு சினிமாவில் தலைகாட்டிவிட்டுத் தாமதமாகப் போனார், எடையும் 253 பவுண்டைத் தாண்டியிருந்தது. ஐந்தாவது ரவுண்டில் ரஹ்மானின் ஒரு வலது கை, லூயிஸ் கதை முடிந்தது. நவம்பரில் மறுபடி மோதியபோது ஒழுங்காகத் தயாராகி வந்து நாலாவது ரவுண்டில் ரஹ்மானை முடித்தார் லூயிஸ்.

எடை என்று மறுபடியும் வந்துவிட்டோம், ஆனால் இது டீ மாஸ்டர் பார்க்கிற எடை இல்லை. மற்ற பிரிவுகளில் எடை பார்ப்பது கட்டாயத் தேர்வு. கூடினால் பட்டமே கிடையாது. ஹெவிவெயிட்டுக்கு அந்தப் பயம் இல்லை, அதனால் சண்டைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, தராசில் ஏறும்போது தெரிகிற எண் அந்த ஆள் தானாகத் தேர்ந்தெடுத்தது. எதிராளியோடு அதை ஒப்பிட வேண்டாம், அதே ஆளின் போன சண்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரூயிஸ் ஜோஷுவாவை அடித்தபோது 268. ஆறு மாதம் கழித்து சவூதியில் மறுபடி மோதும்போது 283. ஜோஷுவா 247-லிருந்து 237-க்கு இறங்கி வந்திருந்தார். ஒருவர் அரசனாக வாழ்ந்துவிட்டு வந்திருக்கிறார், இன்னொருவர் ஓடி ஆடப் போகிறார் என்பது தராசிலேயே எழுதியிருந்தது. ஜோஷுவா பன்னிரண்டு ரவுண்டும் தள்ளி நின்று முன்கையால் ஜாப் என்கிற நேர்க்குத்துப் போட்டுப் பாயின்ட்டில் ஜெயித்தார்.

எடை கூடினாலே தோல்வி என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வைல்டரோடு முதல் சண்டையில் ஃப்யூரி 256. 2020 பிப்ரவரியில் இரண்டாவது சண்டைக்கு 273. பயிற்சியாளரை மாற்றி, இந்தத் தடவை நான் முன்னால் போய் நெரிக்கப் போகிறேன் என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டு வந்தார். ஏழாவது ரவுண்டில் வைல்டர் தரப்பிலிருந்தே, தோல்வியை ஒப்புக்கொண்டு, துண்டைப் போட்டுவிட்டார்கள். கூடிய எடைக்குப் பின்னால் ஒரு திட்டம் இருந்தால் நாக்-அவுட் பக்கம் சாயுங்கள். திட்டம் இல்லாமல் கூடியிருந்தால் அந்த ஆளை விட்டு விலகுங்கள். எது எது என்பதற்குப் பயிற்சியாளர் மாறியிருக்கிறாரா என்று பார்ப்பது ஒரு வழி.

சரி, சீட்டில் என்ன எழுதுவது? எங்கள் மார்க் முறையை வைத்து ஒரு சின்னக் கணக்கு. நாக்-அவுட் என்று எழுதினால் 3, ரவுண்டும் பொருந்தினால் 5. நாக்-அவுட்டில் முடிகிற சண்டையிலேயே சரியான ரவுண்டை எழுதுவது எட்டில் ஒரு தடவை நடந்தால் பெரிய விஷயம். ஆக அந்த 5-இன் உண்மை மதிப்பு 0.6 சொச்சம், மொத்தம் 3.6. பாயின்ட் என்று எழுதினால் 3. மூன்று ஜட்ஜும் ஒரே பக்கம் என்பதை மூன்றில் இரண்டு தடவை சரியாக எழுதிவிடலாம் என்று வைத்தால் கூடுதல் 1.3, மொத்தம் 4.3. சண்டை நாக்-அவுட்டில் முடிய நூற்றுக்கு 50 வாய்ப்பு என்றால் நாக்-அவுட் சீட்டு தருவது 1.8, பாயின்ட் சீட்டு தருவது 2.2. வாய்ப்பு 60 என்றால் தலைகீழாகி 2.2-க்கு 1.7. கோடு 55-க்குப் பக்கத்தில் விழுகிறது. ஹெவிவெயிட் என்றாலே நாக்-அவுட் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவர்கள் அந்த 5 மார்க்கின் பளபளப்பில் மயங்குகிறார்கள். அதற்கு மேல், விழாமலேயே நாக்-அவுட் ஆவதும் உண்டு. 2020-ல் ஜாய்ஸிடம் கண் வீங்கிப்போன டுபுவா தானாகவே ஒரு முட்டியை ஊன்றி எண்ணிக்கையை முடியவிட்டார். "விழவே இல்லையே, எப்படிலே நாக்-அவுட்?" என்று அன்றைக்கு ஒரு பெரிய வழக்கே நடந்தது.

டிரா ஆனால் பெயருக்கு யாருக்கும் மார்க் இல்லை. வைல்டரும் ஃப்யூரியும் 2018-ல், லூயிஸும் ஹோலிஃபீல்டும் 1999 மார்ச்சில் என்று அது நடந்திருக்கிறதுதான். அதற்காக டிரா என்று எழுதி வைப்பது அல்வாக் கடைக்கு இப்போதே நடையைக் கட்டுவதற்குச் சமம்.

ஆக என் முடிவு இது: பெயருக்கு ரேட், முறைக்குக் கால், இரண்டையும் உறுதிப்படுத்தவோ மாற்றவோ வெள்ளிக்கிழமைத் தராசு. ரெக்கார்டையும் சங்கிலியையும் டீயோடு பேசிக்கொள்ளலாம், தாளில் ஏற்ற வேண்டாம். பிரிட்டனிலோ ரியாத்திலோ நடந்தால் முக்கியச் சண்டை நமக்கு ஞாயிறு விடியற்காலையில் வரும். லாஸ் வேகாஸ் என்றால் ஞாயிறு காலை இட்லி நேரம். எப்படிப் பார்த்தாலும் எடை பார்த்த பிறகு சீட்டு எழுத ஒரு முழு நாள் கையில் இருக்கிறது. திங்கட்கிழமையே எழுதிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

இவ்வளவும் இப்போதைய விதிக்கு. அண்ணாச்சி அடுத்த சண்டையிலிருந்து விதியையே மாற்றலாமா என்று யோசிக்கிறார்: கடைசி ஆளுக்குச் செலவு வேண்டாம், முதல் ஆளுக்கு மட்டும் எல்லோரும் சேர்ந்து கால் கிலோ. அப்படி மாறினால் நான் மேலே சொன்னதை அப்படியே கவிழ்த்துப் போட வேண்டும். எல்லோரும் எழுதுகிற பெயரை நானும் எழுதினால் எல்லோரோடும் சமமாகத்தான் நிற்பேன், தனியாக முதலில் வர வழியில்லை. அப்போது 42-க்கு 1 ஆட்கள் பக்கம் போக வேண்டியதில்லை. 30-க்கும் 40-க்கும் நடுவே வாய்ப்பு உள்ள ஆள், நாக்-அவுட், யாரும் எழுதாத ரவுண்டு. ரஹ்மான் ஐந்தில், ரூயிஸ் ஏழில், டக்ளஸும் கிழவர் ஃபோர்மனும் பத்தில் முடித்தார்கள். நான் பத்து என்று எழுதுவேன். "நாலு பேரை வச்சு ஒரு முடிவா?" என்று கணக்கு சார் இப்போதே கேட்கிறார். ஒன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் ஏதாவது ஒன்றை எழுதித்தானே ஆக வேண்டும், சார்.